நான்காவது கேள்வி

2023 ஏப்ரல் 11, செவ்வாய்க்கிழமை. தென் தில்லியில் ஒரு தனியார் மருத்துவமனையின் பகல்நேரச் சிகிச்சைப் பிரிவில் அன்று பதினான்கு பேருக்கு மருந்து ஏற்ற வேண்டியிருந்தது. பட்டியலில் ஒன்பதாவது பெயர் அக்னஸ் தானியேல், வயது ஐம்பத்திரண்டு. அந்தப் பிரிவின் பொறுப்புச் செவிலியரும் அவர்தான்.

நோயாளியாக வந்த நாளிலும் அக்னஸ் ஏழரைக்கே வந்துவிட்டார். சீருடை இல்லை, ஊதா நிறச் சுடிதார். அவசர மருந்து வண்டியின் இழுப்பறைகளைத் திறந்து காலாவதித் தேதிகளைப் பார்த்தார். ஆக்சிஜன் சிலிண்டரின் சாவி ஆணியில் தொங்குகிறதா என்று பார்த்தார். பிறகுதான் ஒன்பதாம் எண் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எட்டு ஆண்டுகளாக அதில் மற்றவர்களை உட்காரவைத்திருக்கிறார். சாய்ந்தால் கூரை விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

இடது மார்பில் கட்டி இருப்பது 2021 டிசம்பரில் தெரிந்தது. அறுவைச் சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாவற்றையும் அவர் வேறொரு மருத்துவமனையில் செய்துகொண்டார். தன் கீழ் வேலை பார்க்கும் பெண்கள் தன் தலைமுடி கொட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். 2022 செப்டம்பரில் தினம் ஒரு மாத்திரை தொடங்கியது. ஐந்து ஆண்டுகள் சாப்பிட வேண்டும். உடம்பில் ஈஸ்ட்ரோஜன் ஊறுவதை அந்த மாத்திரை ஏறக்குறைய நிறுத்திவிடும். அந்த ஹார்மோனில் வளரும் வகைக் கட்டி திரும்பி வராமல் இருக்க அது உதவும். ஆனால் எலும்பின் உறுதியைக் காப்பதும் அதே ஹார்மோன்தான். கட்டிக்குப் போட்ட பட்டினி எலும்புக்கும் போய்ச் சேர்ந்தது.

நவம்பரில் எடுத்த எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் முதுகெலும்பின் அளவு மைனஸ் 2.6 என்று வந்தது. மைனஸ் 2.5க்குக் கீழே போனால் எலும்பு மெலிந்துவிட்டது என்று கணக்கு. அக்னஸ் அந்த அறிக்கையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி பொடியும் சாப்பிட்டார். எலும்புக்கான மருந்தை ஏற்றிக்கொள்வதை மட்டும் கிறிஸ்துமஸ் தாண்டட்டும், பொங்கல் விடுமுறை முடியட்டும் என்று தள்ளிப்போட்டார். ஜனவரி 17 அன்று குளியலறை வாசலில் ஈரக் கால்மிதியில் வழுக்கியது. விழக்கூட இல்லை. சுவரில் கையை ஊன்றி நின்றுவிட்டார். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது.

மாவுக்கட்டு பிரித்த அன்று டாக்டர் மானசா அவரைத் தன் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். கோவைக்காரர், அதே மருத்துவமனையின் புற்றுநோய் மருத்துவர், அக்னஸைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

"சிஸ்டர், இனிமே தள்ள முடியாதுங்க. ஆறு மாசத்துக்கு ஒரு டிரிப், மூணு வருஷம். கை போச்சு, சரியாயிருச்சு. இடுப்பு போனா என்ன பண்ணுவீங்க?"

"தெரியும் டாக்டர்."

"தெரியுங்கறதுனாலதான் கோபம் வருது. தெரியாதவங்க எல்லாம் வந்து போட்டுட்டுப் போறாங்க."

இடுப்பு என்ற சொல் அக்னஸுக்குப் போதுமானதாக இருந்தது. இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் வந்தவர்களை அவருக்குப் பெயர் சொல்லித் தெரியும். அதில் எத்தனை பேர் பிறகு நடந்து வந்தார்கள் என்றும் தெரியும். இன்னொன்றும் இருந்தது. மணிக்கட்டுக்குப் பிறகு செவிலியர் கண்காணிப்பாளர் அவரைக் கூப்பிட்டு, இன்னொரு எலும்பு முறிந்தால் வார்டு வேலை கிடையாது, அடித்தளத்தில் இருக்கும் ஆவண அறைதான் என்று மரியாதையாகவே சொல்லியிருந்தார். மே ஒன்று முதல் முழு வேலைக்குத் திரும்பலாம் என்பது ஏற்பாடு. அதற்குள் ஒரு டிரிப்பாவது உள்ளே போய்விட வேண்டும் என்று அக்னஸ் முடிவு செய்தார். ஏப்ரல் 11 என்று நாள் குறித்தார்கள்.

இந்த மருந்தை அந்தக் கட்டடத்தில் அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் குறைவு. எலும்பு ஓயாமல் கரைந்து, ஓயாமல் கட்டப்படும் பொருள். கரைக்கும் வேலையைச் செய்யும் செல்களை இந்த மருந்து அடக்கிவைக்கிறது. அதனால் எலும்பு தேறுகிறது. ஆனால் பல்லைப் பிடுங்கினால் தாடையில் விழும் குழி ஆறுவதற்கும் அந்தச் செல்கள் வேண்டும். மருந்து ஏறிய பிறகு பல்லைப் பிடுங்க நேர்ந்தால், அல்லது வேரில் சீழ் இருந்தால், சிலருக்குக் குழி மூடாது. தாடை எலும்பு வெளியே தெரிய ஆரம்பிக்கும். நூறு பேரில் ஒருவருக்குக்கூட வராது. வந்தவருக்கு அந்தக் கணக்கால் பயனில்லை.

அப்படி வந்த ஒருவரை அக்னஸ் பார்த்திருக்கிறார். ஹம்சா என்ற ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. 2017இல் டிரிப் போட்டு மூன்றாம் மாதம் கீழ்த்தாடையில் வலி என்று வந்தார். ஈறு விலகி, அரிசி அளவுக்கு எலும்பு மஞ்சளாகத் தெரிந்தது. எட்டு மாதம் கஞ்சியும் மோரும்தான். சொத்தைப் பல் முதலிலேயே இருந்திருக்கிறது. "யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே சிஸ்டர்" என்றார் ஹம்சா. கோபமாகச் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு கணக்கு எங்கே பிசகியது என்று காட்டுவது போலச் சொன்னார்.

அடுத்த ஆண்டு அக்னஸ் ஒரு தாள் தயாரித்தார். இந்தியிலும் ஆங்கிலத்திலும் பத்துக் கேள்விகள். சிறுநீரகப் பரிசோதனை என்ன சொல்கிறது, கால்சியம் அளவு என்ன, தண்ணீர் குடித்தீர்களா என்று போகும். நான்காவது கேள்வி: பல் மருத்துவரைப் பார்த்தீர்களா, எந்தத் தேதியில்? நோயாளி ஆம் என்றாலும் அக்னஸ் விடமாட்டார். சீருடைப் பையிலிருந்து பேனா டார்ச்சை எடுத்து வாய்க்குள் அடித்துப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். இப்படி ஐந்து ஆண்டுகளில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களை அனுப்பியிருக்கிறார்.

அக்னஸின் கீழ் வலது கடைவாய்ப் பல் பிப்ரவரியிலிருந்து வலித்துக்கொண்டிருந்தது.

முதலில் குளிர்ந்த தண்ணீருக்குக் கூசியது. தவக்காலத்தில் இறைச்சி இல்லை, கடிப்பதற்கு அதிகம் எதுவும் இல்லை, சமாளித்துவிட்டார். கிராம்பை அடக்கிக்கொள்வார். ஈஸ்டர் ஞாயிறு மதியம் தமிழ்த் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்து ஆட்டுக்கறியோடு உட்கார்ந்தபோது, கணவர் தானியேல் தட்டிலிருந்து நிமிர்ந்து அவரையே பார்த்தார். தானியேல் தமிழ்ப் பள்ளியொன்றில் உடற்பயிற்சி ஆசிரியர். இருவருக்கும் நாகர்கோவில் பக்கம்.

"ஏட்டி, என்ன ஒரு பக்கமாவே சவைக்க? ஆடு அசை போடுத மாதிரி இருக்கு."

"சும்ம இருங்க. நாப்பது நாளு கறி திங்காத பல்லு. பழக்கம் விட்டுப் போச்சு."

"பல்லுக்கு என்ன பழக்கம்? காட்டு பாப்போம்."

"நீங்க யாரு, டாக்டரா? பள்ளிக்கூடத்துல விசில் ஊதுங்க, போதும்."

தானியேல் சிரித்துவிட்டு அடுத்த துண்டை எடுத்துக்கொண்டார். அத்தோடு அது முடிந்தது.

பல் மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும் என்று அக்னஸுக்குத் தெரியும். பிடுங்க வேண்டும் என்பார். குழி மூட ஆறு வாரம், எட்டு வாரம். அதுவரை டிரிப் கிடையாது. அதற்குள் இன்னொரு கால்மிதி, இன்னொரு ஈரத் தரை.

மார்ச் 14 அன்று மருத்துவமனை ஊழியர்களுக்கு இலவசப் பல் பரிசோதனை முகாம் நடந்தது. லேசான வேலைக்குத் திரும்பியிருந்த அக்னஸ்தான் தன் பிரிவின் இருபத்திரண்டு பேரையும் வேளை பிரித்து அனுப்பினார். பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே டிக் போட்டு, கீழே பொறுப்புச் செவிலியர் என்று கையெழுத்திடுவது வழக்கம். இருபத்திரண்டாவது பெயர் அவருடையது. அதற்கும் டிக் போட்டார். மாலை நான்கு மணிக்கு முகாமில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அக்னஸ் அதுவரை போகவில்லை.

*

ஒன்பதே காலுக்கு ஜூலியா தள்ளுவண்டியோடு வந்தார். இருபத்தாறு வயது. தில்லியில் பிறந்து வளர்ந்தவர். பெற்றோர் விழுப்புரத்திலிருந்து வந்தவர்கள். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது.

"மேம், நீங்க ஃபர்ஸ்ட் நம்பர் எடுத்துக்கலாம் நா? எதுக்கு நைன் வரை வெயிட்டிங்?"

"ஒம்போதுன்னா ஒம்போதுதான். ஊசியை ஒழுங்கா குத்து."

"அரே மேம், உங்க கையில குத்தணும்னு நேத்து நைட் தூக்கமே வரலை எனக்கு."

"இங்க பாரு, இது தண்ணி வத்தின கை. சுடுதண்ணித் துணி போட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சுக் குத்து. ஜல்தி பண்ணாத."

முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது. உப்பு நீர் இறங்கத் தொடங்கியது. மருந்துப் பை வருவதற்குள் ஜூலியா ஒரு தாளை அட்டையில் செருகி நீட்டினார். பத்துக் கேள்விகளுக்கும் பதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

"இதெல்லாம் நானே ஃபில் பண்ணிட்டேன் மேம். ரிப்போர்ட் எல்லாம் சிஸ்டம்ல இருந்தது. நீங்க போட்ட கேள்வியை உங்ககிட்டயே கேக்கணுமா? சைன் மட்டும். பஸ், அவ்வளவுதான்."

அக்னஸ் தாளைப் பார்த்தார். நான்காவது கேள்விக்கு எதிரே டிக். பக்கத்தில் 14.3.2023. முகாம் பதிவேட்டிலிருந்து எடுத்த தேதி. ஜூலியாவின் மேல் தவறு சொல்ல முடியாது. அந்தப் பிரிவில் மூத்த சிஸ்டர் ஒருவர் நோயாளியாக வந்தால் கேள்விகளைக் கேட்டுச் சங்கடப்படுத்துவதில்லை. டாக்டர்களிடமும் அப்படித்தான். தாளை நிரப்பிக் கொடுப்பது ஒரு மரியாதை. அக்னஸே அப்படிப் பலருக்குச் செய்திருக்கிறார்.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

பத்தாம் எண் நாற்காலிக்கு ஒரு துணிப்பையும் ஆங்கில நாளிதழுமாக ஒருவர் வந்து சேர்ந்தார். சங்கரநாராயணன், எழுபத்தொரு வயது. மத்திய அரசில் துணைச் செயலராக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பது வருடம் லோதி ரோடு குடியிருப்பு, இப்போது துவாரகாவில் அடுக்குமாடி வீடு. புராஸ்டேட் புற்றுநோய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறார். ஆண்களுக்கும் அந்த ஊசி எலும்பைக் கரைக்கும் என்று முதலில் சொன்னபோது, எலும்பு தேய்வது பெண்களின் சமாசாரம் என்று வாதாடியவர்.

"என்னம்மா சிஸ்டர், நீங்க இந்தப் பக்கம் ஒக்காந்திருக்கேள்?"

"இடம் மாறிப் பாக்கலாம்னுதான் சார்."

"ஓ." அவர் டிரிப் கம்பியையும் அக்னஸின் கையையும் பார்த்தார். குரல் சற்று இறங்கியது. "எனக்குத் தெரியாதே. எத்தனை நாளா?"

"ஒண்ணேகால் வருஷம் ஆச்சு. எல்லாம் முடிஞ்சுது. இது எலும்புக்கு. நீங்க போட்டுக்கற அதே டிரிப்தான்."

"அப்படின்னா நாம ரெண்டு பேரும் ஒரே பேட்ச்." சங்கரநாராயணன் நாற்காலியில் சாய்ந்து செருப்பைக் கழற்றினார். பிறகு திடீரென்று நினைவு வந்தவராக நிமிர்ந்து, பிரிவு முழுக்கக் கேட்கும்படி, "சிஸ்டர்! பல் டாக்டரைப் பாத்தேளோ? எந்தத் தேதி? வாயைத் திறங்கோ!" என்றார்.

ஜூலியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எதிர் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அக்னஸும் சிரித்தார்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. 2021 அக்டோபரில் முதல் டிரிப்புக்கு வந்த சங்கரநாராயணன், பல் மருத்துவரைப் பார்த்தாகிவிட்டது என்று பொய் சொன்னார். அக்னஸ் டார்ச் அடித்தார். மேல் வரிசையில் ஒரு பல் கறுத்து ஆடிக்கொண்டிருந்தது. அன்றைக்கே திருப்பி அனுப்பினார். மறுநாள் மருத்துவக் கண்காணிப்பாளருக்கு இரண்டு பக்கப் புகார் வந்தது. ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டிருந்தது. ஏழாவது பத்தியில் 'மூத்த குடிமக்களின் வாயைப் பொது இடத்தில் சோதிப்பது' என்று எழுதியிருந்தார். பத்து வாரம் கழித்துப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்தார். மன்னிப்பு கேட்கவில்லை. ஒரு டப்பா பால்கோவா கொடுத்து, "இதுல கால்சியம் இருக்கு" என்றார்.

"என் பேர்ல புகார் எழுதினவர் நீங்க ஒருத்தர்தான் சார், இத்தனை வருஷத்துல" என்றார் அக்னஸ்.

"அது நல்ல டிராஃப்ட். நீங்க படிச்சேளா?"

"படிச்சேன். ஏழாவது பாராவுல கமா ஒண்ணு கூடுதல்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

டிரிப்புக்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். சிறுநீரகத்தைக் காப்பதற்கு. ஜூலியா இருவருக்கும் ஒவ்வொரு பாட்டில் கொடுத்துவிட்டு மருந்துப் பையைக் கொண்டுவர உள்ளே போனார். பாட்டில் குளிர்பெட்டியில் இருந்தது போலும். அக்னஸ் தலையை இடது பக்கம் சாய்த்து, தண்ணீரை அந்தப் பக்கத்துக் கன்னத்தில் வாங்கி, சிறிது நேரம் வைத்திருந்து, பிறகு விழுங்கினார். மூன்று வாய் அப்படிக் குடித்தார்.

சங்கரநாராயணன் நாளிதழைப் பிரித்தார். முதல் பக்கத்தைப் பார்த்தபடி, இந்தத் தடவை அக்னஸுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார்.

"வலது பக்கமா?"

அக்னஸ் பாட்டிலின் மூடியைத் திருகினார்.

"அந்தச் சாய்வு எனக்குத் தெரியும். நான் மூணு மாசம் அப்படித்தான் காப்பி குடிச்சேன். ஆத்துக்காரி ஒரு நாள் கேட்டா, கழுத்துல என்ன சுளுக்கான்னு. ஆமான்னுட்டேன்."

"சார், அது வேற. எனக்குச் சும்மா கூச்சம்தான்."

"இருக்கலாம். நான் என்ன கண்டேன்?" அவர் பக்கத்தைப் புரட்டினார். "நீங்க என் வாயில டார்ச் அடிச்சேள். உங்க வாயில டார்ச் அடிக்க இங்க யார் இருக்கா? நீங்கதான் எல்லாருக்கும் பெரியவா. அதைத்தான் யோசிச்சேன். சரி, விடுங்கோ. நான் பேப்பர் படிக்கறேன்."

உண்மையாகவே படிக்கத் தொடங்கிவிட்டார்.

அக்னஸ் எதிரே இருந்த சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து அடிக்க ஏழு நிமிடம். மருந்து ஏறப் பதினைந்து நிமிடம். பத்தரைக்கு வெளியே போய் ஆட்டோ பிடித்துவிடலாம். இரண்டு நாள் காய்ச்சல் அடிக்கும், பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். ஒரு வாரத்தில் மருந்து எலும்பில் போய் ஒட்டிக்கொள்ளும். மே ஒன்றாம் தேதி தரை ஈரமாக இருந்தாலும் நடக்கலாம். பல்லை அப்படியே விட்டுவிடலாம். எத்தனையோ பேர் சொத்தைப் பல்லோடு வாழ்கிறார்கள். நூறில் ஒன்றுக்கும் குறைவு.

இந்தக் கணக்கை நோயாளிகள் அவரிடம் சொல்லும்போது அவர் என்ன பதில் சொல்வார் என்பதும் நினைவுக்கு வந்தது. அந்த ஒருத்தர் இந்த நாற்காலியில் இருக்க மாட்டார் என்று யார் சொன்னது என்பார்.

ஜூலியாவும் இன்னொரு செவிலியரும் மருந்துப் பையோடு வந்தார்கள். பெயர், பதிவு எண், மருந்தின் பெயர், அளவு நான்கையும் ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்த்தார். இன்னொரு செவிலியர் கையெழுத்திட்டுவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போனார். ஜூலியா பையைக் கம்பியில் மாட்டிக் குழாயை இணைத்தார். திருகைத் திறக்க வேண்டியதுதான் பாக்கி.

"ஜூலியா."

"ஹான் மேம்?"

"நாலாவது கேள்வியைக் கேளு."

"கௌன்ஸா, எந்தக் கேள்வி? அது டிக் பண்ணிட்டேனே மேம். கேம்ப் டேட் போட்டிருக்கேன்."

"தாளைப் பாத்துச் சொல்லாத. என்னைப் பாத்துக் கேளு."

ஜூலியா சுற்றும் முற்றும் பார்த்தார். வேடிக்கை செய்கிறாரோ என்ற சிரிப்பு அவர் முகத்தில் இன்னும் பாதி இருந்தது. பிறகு நோயாளிகளிடம் கேட்கும் பழக்கத்தில், இந்தியில், மெதுவாகக் கேட்டார். பல் மருத்துவரைப் பார்த்தீர்களா?

"இல்லை" என்றார் அக்னஸ்.

"மேம்?"

"பாக்கலை. கேம்ப்புக்கு நான் போகலை. ரெஜிஸ்டர்ல நானே டிக் போட்டேன். என் பையில டார்ச் இருக்கு, எடு. கீழ வரிசை, வலது பக்கம், கடைசிக்கு முன்னாடி."

ஜூலியாவின் கை டார்ச்சை எடுத்தது, ஆனால் மேலே வரவில்லை. "நான் எப்படி மேம் உங்க வாயில..."

"சாருக்கு எப்படி அடிப்ப? அப்படித்தான்."

அக்னஸ் வாயைத் திறந்தார். ஜூலியா குனிந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது சிரிப்பு போயிருந்தது.

"ஸ்வெல்லிங் இருக்கு. ஈறுல ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. அது பஸ்ஸா மேம்? சீழ்?"

"அப்படின்னா என்ன பண்ணணும்?"

"ஸ்டாப்." ஜூலியா திருகின் மேல் இருந்த கையை எடுத்தார். "டாக்டர் மேமைக் கூப்பிடணும்."

"கூப்பிடு. அதுக்கு முன்னாடி அந்தத் தாளைக் கிழிச்சிடாத. குறுக்க ஒரு கோடு போட்டு, நேரம் எழுதி, உன் கையெழுத்தும் போடு. என் கையெழுத்தை நானே அடிக்கிறேன்."

டாக்டர் மானசா பத்து நிமிடத்தில் வந்தார். டார்ச்சை வாங்கித் தானும் பார்த்தார். மருந்துப் பையைக் கம்பியிலிருந்து எடுக்கச் சொன்னார்.

"எவ்வளவு நாளா சிஸ்டர்?"

"பிப்ரவரி."

"பிப்ரவரியில நாம பேசினோம். என் ரூம்ல."

"ஆமா டாக்டர்."

"நான் கேக்கலையே." மானசா தாள் செருகிய அட்டையைப் பார்த்தபடி சொன்னார். "நான் எல்லாத்தையும் கேட்டேன். கிட்னி கேட்டேன், விட்டமின் டி கேட்டேன். இதைக் கேக்கலை. உங்ககிட்டப் போய் இதைக் கேக்கறதான்னு விட்டுட்டேன்."

"நானும் சொல்லலை டாக்டர். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனான்னும் தெரியலை."

டாக்டர் இரண்டாம் மாடியில் இருக்கும் பல் பிரிவுக்குத் தானே தொலைபேசியில் பேசி, மறுநாள் காலை முதல் ஆளாக நேரம் வாங்கினார். போகும்போது, "பாத்ரூம்ல ரப்பர் மேட் போடுங்க. இன்னைக்கே. கைப்பிடிக் கம்பி ஒண்ணு அடிக்கச் சொல்லுங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் நடங்க. மாத்திரையை நிறுத்தக் கூடாது" என்றார். அக்னஸ் நோயாளிகளுக்குத் தினமும் சொல்லும் வாக்கியங்கள்தான் எல்லாம். கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

ஜூலியா கையிலிருந்து ஊசியைக் கழற்றிப் பஞ்சை வைத்து அழுத்தினார். "மேம், எனக்கு மெமோ வருமா?"

"உனக்கு எதுக்கு வரும்? தப்பான தேதியைப் பதிவேட்டுல எழுதினது நான். நானே எழுதிக் குடுக்கிறேன்."

பத்தாம் எண் நாற்காலியில் சங்கரநாராயணனுக்கு டிரிப் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நாளிதழை இறக்கினார்.

"எத்தனை வாரம்?"

"எட்டு வாரம் இருக்கும் சார்."

"எனக்குப் பத்து. நீங்க சின்ன வயசு." துணிப்பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து நீட்டினார். பிறகு, கடிக்க முடியாது என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பப் பையிலேயே போட்டுக்கொண்டார். "புகார் எழுதறதா இருந்தா சொல்லுங்கோ. டிராஃப்ட் என்கிட்ட ரெடியா இருக்கு. பேரை மாத்தினாப் போதும்."

"யார் பேர்ல சார் எழுதுறது?"

"அதான் சிக்கல்" என்றார் சங்கரநாராயணன்.

அன்று மாலை வீட்டில் தானியேல் குளியலறைக் கால்மிதியைச் சுருட்டி வாசலுக்கு வெளியே போட்டார். ரப்பர் விரிப்பு இரண்டு வாங்கி வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. "பிப்ரவரியில இருந்தா? நான் ஞாயித்துக்கிழமைதான கண்டேன்" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். பள்ளிக்கூடத்திலிருந்து துளைபோடும் கருவியை இரவல் வாங்கிச் சுவரில் கைப்பிடிக் கம்பியைத் தானே பொருத்தினார். இழுத்துப் பார்த்தார். தன் முழு எடையையும் போட்டுத் தொங்கியும் பார்த்தார்.

ஏப்ரல் 19 அன்று அக்னஸின் கீழ் வலது கடைவாய்ப் பல் எடுக்கப்பட்டது. வேரில் சீழ் இருந்தது. பல் முகாம் பதிவேட்டில் தன் பெயருக்கு எதிரே இருந்த குறி தவறானது என்று அவர் எழுதிக் கொடுத்த கடிதம் செவிலியர் கண்காணிப்பாளரின் கோப்பில் சேர்க்கப்பட்டது. நான்காவது கேள்வியின் கீழ் ஒரு வரி கூட்டப்பட்டது: நோயாளி இந்த மருத்துவமனை ஊழியராக இருந்தாலும் வாய் திறந்து கேட்கப்பட வேண்டும்.

மே 1 அன்று அக்னஸ் முழு வேலைக்குத் திரும்பினார். மே 27 அன்று நான்காம் எண் நாற்காலியிலிருந்து எழுந்த ஒருவர் மயங்கிச் சாய்ந்தபோது ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தார். அன்று இரவு மூச்சு இழுத்தால் வலித்தது. வலது பக்கம் ஏழாவது விலா எலும்பில் கீறல் என்று எக்ஸ்ரேயில் தெரிந்தது. மே 29 முதல் அவர் ஆவண அறைக்கு மாற்றப்பட்டார்.

பல் எடுத்த குழி முழுமையாக மூடிவிட்டது என்று ஜூன் 14 அன்று பல் மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஜூன் 20, செவ்வாய்க்கிழமை காலை, ஜூலியா பத்துக் கேள்விகளையும் கேட்டார். டார்ச் அடித்துப் பார்த்தார். மருந்து பதினைந்து நிமிடத்தில் ஏறியது. இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது.

ஆகஸ்ட் 1 அன்று அக்னஸ் பகல்நேரப் பிரிவுக்குத் திரும்பினார். நோயாளிகளைத் தூக்கும் வேலை அவருக்கு இல்லை என்று பணிப் பட்டியலில் எழுதப்பட்டிருந்தது. அடுத்த டிரிப்புக்கு டிசம்பர் 19 என்று நாள் குறித்தார்கள்.